இறங்காத கோடு

டிசம்பர் 2

அண்ணிக்கு,

வணக்கம். இது ஆபீஸ் கடிதம் இல்லை. அது தனியாக வரும், சிவப்பு முத்திரையோடு. அதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். போனில் பேசினால் நாம் இருவரும் எந்த லட்சணத்தில் பேசுவோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன தடவை முதலில் வைத்தது நீங்களா நானா என்பதே இன்னும் தீராத வழக்கு. அதனால் எழுதுகிறேன்.

கரண்ட் போதவில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து, இருட்டியதும் ஊரே ஹீட்டரைப் போடுகிறது. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் மாலையில் ஏதாவது ஒரு பகுதியை அணைத்துத்தான் மற்ற பகுதிகளைக் காப்பாற்றுகிறோம். இப்போது அரசாங்கம் சட்டமே போட்டுவிட்டது. கிரிப்டோ காயின் எடுக்கும் மெஷின்களை இந்த மாதக் கடைசிக்குள் நிறுத்திவிட வேண்டும். அதுவரைக்கும், பற்றாக்குறை வரும் நேரத்தில் முதலில் துண்டிக்க வேண்டியது அந்த மெஷின்கள் ஓடும் லைன்களைத்தான். ஜனவரியில் சோதனைக்கு ஆட்கள் வருவார்கள். ஒரே ஒரு மெஷின் ஓடினாலும் மொத்த இணைப்பும் போய்விடும்.

அண்ணன் ஷெட்டில் அறுபது மெஷின்கள் இருக்கின்றன. அவன் போன பிறகும் அவை நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுடையது தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி லைன். எங்கள் திரையில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கோடு உண்டு. வீடுகளின் கோடு காலையில் ஏறும், மதியம் இறங்கும், சாயங்காலம் மறுபடி ஏறும், எல்லோரும் தூங்கியதும் படுத்துவிடும். உங்கள் கோடு மட்டும் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பகலும் ராத்திரியும் ஒரே மட்டம்.

நிறுத்திவிடுங்கள் அண்ணி. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இந்த அடுத்த வரியை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அண்ணன் வாசலில் கிடந்த அன்றைக்குக் கூட நிறுத்தாதவர் நீங்கள்.

நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


டிசம்பர் 6

மின்சார ஆபீஸ் நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முத்திரை இல்லாமலே நன்றாகச் சுட்டது.

ஒன்றரை வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், என் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் தினமும் பார்த்திருக்கிறாய். சந்தோஷம். நான் சாப்பிட்டேனா என்று காட்டுகிற கோடு உங்கள் ஆபீசில் இல்லை போலிருக்கிறது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். நீயாகவே இழுத்துவிட்டாய். அவர் வாசலில் கிடந்தார். நான் எழுந்து ஷெட் பக்கம் போனேன். நீ பின்னாலேயே வந்து, அத்தனை பேர் முன்னால், "பொணம் வாசல்ல கிடக்கு, உங்களுக்கு வசூல் கேக்குதா அண்ணி?" என்று கத்தினாய். அவரை எடுக்கும் வரைக்கும் கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டாய். நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்திருக்கும், உன் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மெஷின் ஷெட்டுக்கும், நாங்கள் கோழிக்குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். உங்கண்ணன் அந்தச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு பெரிய தகரக் குழாயைச் செருகியிருக்கிறார். மெஷின்கள் கக்குகிற சூட்டுக் காற்று அதன் வழியாகத்தான் முட்டைகளுக்குப் போகிறது. மெஷின் வாங்கின வருஷமே ஹீட்டர்களை எல்லாம் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். "கரண்டை எரிச்சு வெறும் சூடு வாங்குறோம். அதே சூட்டோட காசும் வந்தா கசக்குதா?" என்பார். அதனால் மெஷினை நிறுத்தினால் முட்டைக்குள் இருக்கிற குஞ்சு செத்துவிடும். அன்றைக்கு உள்ளே ஆறாயிரம் முட்டை. போதாததற்கு முட்டைத் தட்டுகளைச் சாய்த்துத் திருப்புகிற மோட்டாரும் கெட்டுக் கிடந்தது. நேரத்துக்கு நேரம் கையால் திருப்பவில்லை என்றால் குஞ்சு உள்ளே ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் போனேன். தட்டுத் தட்டாகத் திருப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மறுபடி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

வசூல் என்றாயே, அந்தக் கதையையும் கேள். மெஷின்கள் எடுக்கிற காயின் எல்லாம் அவர் பெயரில் இருக்கிற ஏதோ ஒரு பூட்டுக்குள் போய்ச் சேர்கிறது. பூட்டைத் திறக்கிற வார்த்தைகள் அவர் தலைக்குள் இருந்தன. எழுதிவைத்தால் திருடு போகுமாம், அதனால் எழுதவில்லை. மகா கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்று யார் யாரையோ கூட்டிவந்து காட்டினேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஒன்றரை வருஷமாகச் செத்துப்போன மனுஷனுக்குச் சம்பாதித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கரண்ட் பில் மட்டும் தவறாமல் எனக்கு வருகிறது.

இப்போது சொல். நிறுத்தட்டுமா?

அண்ணி


டிசம்பர் 10

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

தகரக் குழாயைப் பற்றி அண்ணன் என்னிடம் மூச்சு விட்டதில்லை. மெஷின் வாங்காதே என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "நீ திரையைப் பார்க்குறவ, நான் தொழில் பார்க்குறவன், வாயை மூடிக்கிட்டு இரு" என்றான். அந்தக் கோபம் எனக்குள்ளே அப்படியே இருந்தது. அவன் கண்ணை மூடியபோது அதை இறக்கிவைக்க ஆள் இல்லை, உங்கள் தலையில் இறக்கிவிட்டேன். மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தால் அந்த வார்த்தை போதவில்லை. போதாவிட்டாலும் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபப்படாதீர்கள். உங்கள் இன்குபேட்டர்களுக்கு அறுபது மெஷினின் சூடு தேவையே இல்லை. நாலைந்து மெஷின் தருகிற சூடு போதும். மிச்சத்தை எல்லாம் பெரிய ஃபேன் வைத்து வெளியேதானே தள்ளுகிறீர்கள்? உங்கள் ஷெட் ஒன்று குடிக்கிற கரண்டில் ஒரு தெரு முழுக்க விளக்கெரியும், வீடு சூடாகும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

குஞ்சு பொரிக்கிற இடங்களில் ஹீட்டர் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. காயின் மெஷின்தான் கூடாது. உடனே ஹீட்டர் வாங்கிவிடுங்கள். விண்ணப்பம் எழுதுவது, கையெழுத்துக்கு அலைவது எல்லாம் என் பொறுப்பு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை இன்றைக்கு எழுத முடியவில்லை.

நாத்தனார்


டிசம்பர் 14

வாலு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. உங்கண்ணன் வைத்த பெயர், அவரோடு போய்விட வேண்டாம் என்று பார்க்கிறேன். மன்னித்தேனா இல்லையா என்று கேட்காதே. உன் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதை வைத்து நீயே முடிவுசெய்துகொள்.

நீ சொல்கிற கணக்கு சரிதான். நாலைந்து மெஷின் போதும் என்று எனக்கும் தெரியும். அவர் இருக்கும்போதே தெரியும். பத்தில் தொடங்கி அறுபதுக்கு வந்தபோது, இதெல்லாம் முட்டைக்காகத்தான் என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டார், நானும் ஊரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஹீட்டர் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். இந்தக் குளிரில் கைக்கு அடக்கமான ஹீட்டர் கூட எங்கேயும் இல்லை. இன்குபேட்டருக்குப் போடுகிற ஹீட்டர் அடுத்த மாதம் நடுவில்தான் வருமாம். நானோ, உள்ளே ஏற்கெனவே ஒரு அடுக்கு முட்டை இருக்கும்போது, இரண்டு நாளைக்கு முன்னால்தான் புது முட்டையும் அடுக்கினேன். அதில் குஞ்சு வெளிவர மூன்று வாரமாகும், அதாவது ஜனவரி பிறந்த பிறகு. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஜனவரி முதல் வாரம் வரைக்கும் நம்ம லைனில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா? உன்னால் முடிந்தால் மட்டும்.

உன் முதல் கடிதத்தில், முதலில் துண்டிக்க வேண்டியது எங்கள் மாதிரி லைனைத்தான் என்று எழுதியிருந்தாய். எங்கே துண்டித்தார்கள்? இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் கூட நமக்குக் கரண்ட் போகவில்லை. பின்தெருவில்தான் நாள் தவறாமல் போகிறது. அது போனதும் அங்கே இருக்கிறவர்கள் பிள்ளைகுட்டிகளோடு இங்கே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இன்குபேட்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுகின்றன. பின்தெருவில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது. கரண்ட் போனதும் அவர் அம்மாவை ஒரு தோளிலும் மெஷினை ஒரு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். அந்த அம்மா இங்கே வந்து பிளக்கைச் செருகி, மூச்சு சீரானதும், "இந்த வீட்டுக்காரிக்கு மட்டும் மின்சாரம் மாப்பிள்ளை மாதிரி வீட்டோடயே இருக்கு" என்று கிண்டல் செய்யும். ராசியான லைன் என்று தெருவே சொல்கிறது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


டிசம்பர் 17

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன், இதை வாயால் கேட்க வரவில்லை. பின்தெரு என்றால், உங்கள் ஷெட்டின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகிற தெருவா? ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிற அந்த அம்மாவின் வீடு அந்தத் தெருவில்தானா? நன்றாகத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

வேறு ஒன்றும் எழுத ஓடவில்லை.

நாத்தனார்


டிசம்பர் 21

அதே தெருதான். அதே வீடுதான். நீ கேட்டு எழுதிய கடிதம் வருவதற்கு முன்னாலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சனிக்கிழமை லைன்மேன் ஒருவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்க வந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். நம்ம லைனின் ராசியைப் பற்றிச் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார். "ராசியாவது ஒண்ணாவது. மேல உக்காந்து யாரோ உங்களைப் பார்த்துக்குறாங்கம்மா. உங்க லோடும் பின்தெரு லோடும் ஒரே அளவு. உங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தா, உங்களை விட்டுட்டு அவங்களை நிறுத்துறாங்க. கணக்குச் சரியாயிடும்ல" என்றார். சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

மேலே உட்கார்ந்திருக்கிற யாரோ. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

அன்றைக்கு மாலையே பின்தெருவில் கரண்ட் போனது. டிரைவர் பஸ்ஸில் இருந்தார். தூக்கிக்கொண்டு வர ஆளில்லை. அந்த அம்மா தானாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறது. தன் வீட்டு வாசற்படியையே தாண்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டாள். உதடெல்லாம் நீலம். நானும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் இருக்கிறது. கண் திறக்கவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய்? ஒன்றரை வருஷமாக என்னோடு பேச்சு வார்த்தை இல்லை, என்னைக் காசுக்குப் பறக்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அப்புறம் யாருக்காக என் லைனைக் காப்பாற்றினாய்? உன்னை யார் கேட்டார்கள்?

கேட்டேன். போன கடிதத்தில் நானே என் கையால் எழுதிக் கேட்டேன். மூச்சுக்குத் தவித்தவர்களை உட்காரவைத்து, நம்ம வீட்டில் கரண்ட் உண்டு என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

லைனை யாரும் துண்டிக்க வேண்டாம். சோதனைக்கு யாரும் வர வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நானே எல்லா மெஷினையும் அணைக்கிறேன். அதுவரைக்கும் எதற்கு என்கிறாயா? முதலில் அடுக்கின முட்டைகள் கடைசி மூன்று நாளுக்கு வரட்டும். அந்த நாட்களில் குஞ்சுகளின் உடம்புச் சூடே பெருமளவுக்குப் போதும், மூடி போர்த்திவைத்தால் தப்பிக்கலாம். புதிதாக அடுக்கியவை தப்பாது, தெரிந்துதான் செய்கிறேன். ஆனால் அதற்குள் ஏதாவது ஒரு மாலையில் கரண்ட் போதவில்லை என்றால் என்னை நிறுத்து. பின்தெருவைத் தொட்டாயானால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திரைக்கு முன்னால் இரு. நீ பார்க்கும்போதுதான் அணைப்பேன்.

அண்ணி


டிசம்பர் 28

அண்ணி,

நேற்று பார்த்தேன்.

அதற்கு முன்னால் நீங்கள் கேட்டதற்குப் பதில். உங்களுக்காகச் செய்யவில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன், உங்களை அப்போது எனக்குப் பிடிக்கவே இல்லை. அண்ணன் மெஷின் போட்ட காலத்தில், வேலைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனாலும் கோடு நேராகப் போனால், சரி, நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அவன் செத்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். கோடு அப்படியே போய்க்கொண்டிருந்தது. அண்ணி, அவன் கண்ணை மூடியதும் நின்றுபோகாத ஒன்று அது மட்டும்தான். அதை என் கையால் எப்படித் துண்டிப்பது? உங்கள் லைனைத் துண்டிக்கச் சொல்லி முதல் உத்தரவு வந்த மாலையில், என் விரல் பக்கத்தில் இருந்த கோட்டுக்குத் தானாகப் போனது. அது பின்தெரு. எனக்கு அது வெறும் கோடு. ஏறி இறங்குகிற சாதாரணக் கோடு. அதற்குள்ளே ஒரு அம்மா மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்று திரையில் தெரியாது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதித் தெரிந்த பிறகும், அதே தெருதானா என்று பதில் வரட்டும் என்று சொல்லிக்கொண்டு, அந்தச் சனிக்கிழமையும் அதே கோட்டைத்தான் அணைத்தேன். கோடுகளுக்குப் பின்னால் மனிதர்கள் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன, ஒரு கோட்டுக்குள் என் அண்ணனையே வைத்திருந்தவள் நான்.

நேற்று எனக்கு விடுமுறை. போய் உட்கார்ந்தேன். ஷிப்ட் அதிகாரி, "என்ன, வீட்டுல யாரும் சேர்க்கலையா?" என்று கேலி செய்தார். ஆறு மணி ஆனது. கோடு ஒரேயடியாக விழும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் ஒவ்வொன்றாக அணைத்தீர்கள், இல்லையா? சின்னச் சின்னப் படியாக இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் ரொம்ப நேரம் நின்றது. அங்கே நீங்கள் உட்கார்ந்து அழுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் மறுபடி இறங்கி, அடியோடு படுத்துக்கொண்டது. அண்ணனை எடுக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. நேற்று இருந்தேன்.

பின்தெருவின் கோடு ஏறிக்கொண்டிருந்தது, அங்கே விளக்கு எரிகிறது. அதைப் பார்த்த பிறகு எழுந்து அதிகாரியிடம் போய், ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. என்னைத் திரைக்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை இருக்கிறது, வேலை போனாலும் போகும். போகட்டும். அந்த அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

வாலு


டிசம்பர் 31

வாலு,

அந்த அம்மா கண் திறந்துவிட்டது. பேச்சு குழறுகிறது, ஆட்களை அடையாளம் தெரிகிறது. பழையபடி கிண்டல் செய்யுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. டிரைவரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்ததை மட்டும் இல்லை, நான் கேட்டதையும். அவர் கத்துவார் என்று பார்த்தேன். "அப்போ எங்க வீட்டுக்கு வரவேண்டிய கரண்டுலதான் நாங்க வந்து உங்ககிட்ட கை கூப்பிக்கிட்டு உக்காந்திருந்தோமா?" என்று கேட்டார். அதன் பிறகு என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது நியாயம்தான். விசாரணையில் என்னையும் கூப்பிட்டால் வந்து சொல்வேன்.

நீ கண்டுபிடித்தது சரி. நடுவில் உட்கார்ந்துவிட்டேன். மெஷினை முட்டைக்காக ஓட்டினேன் என்று உனக்கு எழுதினேன், அதில் பாதி பொய். நாலைந்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை எப்போதோ அணைத்திருக்கலாம். அந்த இரைச்சல் நின்றுவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான் என்று பயமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ வேலையாக இருக்கிறார், கூப்பிட்டால் காதில் விழாது, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடலாம். ஒன்றரை வருஷம் அப்படியே தூங்கினேன்.

புதிதாக அடுக்கின முட்டைகள் எல்லாம் போய்விட்டன. குழி தோண்டிப் புதைத்தேன். முதல் அடுக்கு முட்டைகளை வீட்டில் இருந்த போர்வை, கோட்டு, உங்கண்ணனின் கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் போட்டு மூடி, நெருக்கி அடுக்கினேன். நேற்று மதியம் போர்வையை விலக்கிச் சூடு பார்க்கக் கையை வைத்தேன். எங்கேயோ எலி கத்துகிற மாதிரி இருந்தது. குனிந்தேன். முட்டைக்குள்ளிருந்து வருகிறது. ஓடு இன்னும் விரியவில்லை, உள்ளே இருந்தபடியே கத்துகின்றன. ஒன்று கத்தினால் பக்கத்து முட்டை பதில் சொல்கிறது. மெஷின் வருவதற்கு முன்னால் நானும் அவரும் தட்டில் காதை வைத்து இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் எந்த முட்டை முதலில் வரும் என்று பந்தயம் கட்டித் தோற்பார். இத்தனை வருஷ இரைச்சலில் அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. ராத்திரிக்குள் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டன. மிச்சம் இப்போது வந்துகொண்டிருக்கிறது. நான் அழுதுகொண்டேதான் பொறுக்கிப் பெட்டியில் விடுகிறேன்.

விசாரணை எப்போது வேண்டுமானாலும் முடியட்டும், நீ கிளம்பி வா. அவர் இனிமேல் உன் திரையிலும் இல்லை, என் சுவருக்கு அந்தப் பக்கமும் இல்லை. அவரைப் பற்றிப் பேச எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை.

அண்ணி